ராஜாவைக் கேலி செய்ய ராஜாவிடமே அனுமதி

கொலோன் கார்னிவலுக்கு வயது இருநூறு தாண்டிவிட்டது. அது யாரைப் பார்த்துச் சிரித்தது, யாரைப் பார்த்ததும் சிரிப்பை விழுங்கியது?

2022 பிப்ரவரி 24, வியாழக்கிழமை. ரைன் நதிக்கரையில் இருக்கும் கொலோன் நகரத்தின் பழைய சந்தைச் சதுக்கத்தில் காலையிலேயே கூட்டம். தேனீ, கடற்கொள்ளைக்காரன், கன்னியாஸ்திரி, முயல் என்று ஆளுக்கொரு வேஷம். பெண்கள் கையில் கத்தரிக்கோல். அன்றைக்கு எந்த ஆண்பிள்ளை டை கட்டிக்கொண்டு வந்தாலும் பாதியில் நறுக்கிவிடுவார்கள். அவர் கோபித்துக்கொள்ளக் கூடாது; வெட்டியவர் கன்னத்தில் ஒரு முத்தம் வைப்பார், கணக்குத் தீர்ந்தது. சரியாக 11 மணி 11 நிமிடத்துக்குத் தெருக் கார்னிவல் தொடங்க வேண்டும்.

ஆனால் அன்று மேடையோடு போட்டி போட்டது செல்போன் திரை. பொழுது விடிவதற்குள் ரஷ்யப் படை உக்ரைனுக்குள் புகுந்துவிட்டது. கீவ் நகரத்தின் மீது ஏவுகணைகள் விழுந்துகொண்டிருந்தன. முயல் காது மாட்டிக்கொண்டு ஒருவர் அந்தச் செய்தியைப் படிப்பதைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். கொண்டாடுவதா, கலைந்து போவதா?

நான்கு நாள் கழித்து, ஊர்வலம் போகவேண்டிய திங்கட்கிழமை. கொரோனா காரணமாக அந்த வருஷம் கால்பந்து மைதானத்துக்குள் ஊர்வலத்தை நடத்துவதாகத் திட்டமிட்டிருந்தார்கள். அதை ரத்து செய்துவிட்டு, தெருவில் அமைதிப் பேரணி என்று அறிவித்தார்கள். எதிர்பார்த்தது சில பத்தாயிரம் பேரை. வந்தவர்கள் இரண்டரை லட்சம். கோமாளி மூக்கோடும் நீல-மஞ்சள் சாயம் பூசிய கன்னங்களோடும் ஒரு போர் எதிர்ப்பு ஊர்வலத்தை அதற்குமுன் ஐரோப்பா அதிகம் பார்த்ததில்லை.

கொலோன்காரர்கள் இதைப் பெருமையாகச் சொல்வார்கள். 'எங்கள் கார்னிவல் வெறும் கூத்து அல்ல. அதிகாரத்தின் மூக்கைப் பிடித்துத் திருகும் விழா' என்பது அவர்கள் கட்சி. வரலாற்றைப் புரட்டினால் அது பாதி உண்மை. மீதிப் பாதி இன்னும் சுவாரசியமானது. ஒவ்வொரு காலத்திலும் நாற்காலியில் உட்கார்ந்திருந்தவரிடம் அனுமதி வாங்கிக்கொண்டு, அவர் முகம் சுளிக்கும் எல்லை எது என்று அளந்து பார்த்து, அந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கம் நின்று சிரித்த விழா இது. சில சமயம் கோட்டுக்கு ரொம்பவே இந்தப் பக்கம்.

எலும்பும் கோபுரமும்

ஊரின் பழங்கதையைச் சுருக்கிச் சொல்லிவிடலாம். ரோமப் பேரரசின் எல்லைக் குடியிருப்பாக இருந்த இடத்தில் பிறந்தவள் அக்ரிப்பினா. பேரரசர் கிளாடியஸை மணந்த பிறகு, கி.பி. 50இல், பிறந்த ஊருக்கு நகர அந்தஸ்து வாங்கிக் கொடுத்தாள். (அவளுடைய மகன்தான் நீரோ. பிற்காலத்தில் பெற்ற தாயையே கொல்லச் சொன்னவன்.) 321இல் பேரரசர் கான்ஸ்டன்டைன் பிறப்பித்த ஆணை ஒன்றில் இந்த ஊர் யூதர்களைப் பற்றிய குறிப்பு இருக்கிறது. ஆல்ப்ஸ் மலைக்கு வடக்கே யூதர்கள் வாழ்ந்ததற்கு அதுவே மிகப் பழைய எழுத்துச் சான்று.

1164இல் பேராயர் ரைனால்ட் ஃபொன் டாசெல், பெத்லகேமுக்குப் போன மூன்று ராஜாக்களுடையவை என்று நம்பப்படும் எலும்புகளை மிலானிலிருந்து இங்கே கொண்டுவந்தார். யாத்ரிகர்கள் குவிந்தார்கள், காசும் குவிந்தது. 1248இல் பேராலயத்துக்கு அடிக்கல் நாட்டினார்கள். பதினாறாம் நூற்றாண்டில் பணமும் உற்சாகமும் வற்றிப்போய் வேலை நின்றது. பாதியில் நின்ற தெற்குக் கோபுரத்தின் உச்சியில் மரத்தாலான பாரம் தூக்கி ஒன்று முந்நூறு வருஷத்துக்கு மேல் அப்படியே நின்றது. அதுதான் ஊரின் அடையாளமே. 1842இல் பிரஷ்ய மன்னர் நான்காம் ஃப்ரீட்ரிக் வில்ஹெல்ம் ஆதரவில் மீண்டும் தொடங்கி, 1880இல் முடித்தார்கள். உயரம் 157 மீட்டர். நான்கு வருஷத்துக்கு உலகிலேயே மிக உயரமான கட்டடம் அதுதான்.

இத்தனை ஆலயமும் திருப்பண்டமும் உள்ள ஊரில் தவக்காலம் என்றால் தவக்காலம்தான். நாற்பது நாள் இறைச்சி கிடையாது. அந்த நாற்பது நாளுக்கு முன்னால் வயிறு முட்டத் தின்று, குடித்து, ஆடித் தீர்த்துவிடுவது என்கிற வழக்கம் இடைக்காலத்திலேயே வேரூன்றிவிட்டது. நகர மன்றம் அவ்வப்போது தடை போடும். ஜனங்கள் அவ்வப்போது மீறுவார்கள். அதுவும் ஒரு வழக்கமாகவே நடந்துவந்தது.

■ பெட்டிச் செய்தி: பதினொன்றின் ராஜ்ஜியம்

நவம்பர் 11ஆம் தேதி, காலை 11.11க்குக் கார்னிவல் பருவம் தொடங்கும். நிகழ்ச்சிகளை நடத்தும் குழுவில் பதினொரு பேர். நகரச் சின்னத்தில் மூன்று ராஜாக்களுக்காக மூன்று கிரீடம். புனித உர்சுலாவோடு மாண்டதாகச் சொல்லப்படும் பதினோராயிரம் கன்னியருக்காகப் பதினொரு சுடர் வடிவங்கள். தெருக் கொண்டாட்டம் தவக்காலத்துக்கு முந்தைய வியாழனன்று, பெண்கள் தினத்தில் தொடங்குகிறது. உச்சம், ரோசன்மோன்டாக் எனப்படும் திங்கட்கிழமை ஊர்வலம். அது ஈஸ்டருக்கு 48 நாள் முன்னால் வரும். திருநீற்றுப் புதனன்று எல்லாம் முடிந்துவிடும். நெற்றியில் சாம்பல் சிலுவை, தட்டில் மீன்.

மரத் துப்பாக்கிப் பட்டாளம்

1794 அக்டோபரில் பிரெஞ்சுப் புரட்சிப் படை வந்தபோது கொலோன் சண்டையில்லாமல் பணிந்தது. மறுவருஷமே கார்னிவலுக்குத் தடை. 1804இல் தடை நீங்கியது. நெப்போலியன் வீழ்ந்த பிறகு, 1815இல் ஊர் பிரஷ்யாவின் கைக்கு மாறியது. பிரஷ்யர்கள் புராட்டஸ்டன்டுகள், சீருடை, வணக்கம், கோப்பு, முத்திரை என்று வாழ்பவர்கள். கொலோனோ கத்தோலிக்க வியாபார ஊர். இரண்டுக்கும் எப்படி ஒத்துப்போகும்?

1823இல் ஊரின் படித்த, வசதி படைத்த வர்க்கம் கூடி ஒரு விழாக் குழு அமைத்தது. தெருவில் கட்டுப்பாடில்லாமல் நடந்த கூத்தை ஒழுங்குபடுத்தப் போகிறோம் என்று அதிகாரிகளிடம் சொன்னார்கள். அந்த வருஷம் பிப்ரவரி 10ஆம் தேதி முதல் ரோசன்மோன்டாக் ஊர்வலம் புறப்பட்டது. 'கார்னிவல் வீரன்' அரியணை ஏறுகிறான் என்பது அதன் கரு. அசல் அரசர் பெர்லினில் இருக்க, இங்கே காகிதக் கிரீடம் சூட்டிக்கொண்டு இன்னொருவர் பவனி வந்தார்.

அந்த முதல் ஊர்வலத்தின் காலத்திலேயே பிறந்ததுதான் 'ரோட்டெ ஃபுங்கன்' என்கிற சிவப்புப் பட்டாளம். இவர்களைக் கொஞ்சம் கிட்டத்தில் போய்ப் பார்க்கவேண்டும். சிவப்புக் கோட்டு, வெள்ளைக் கால்சட்டை, பொடி பூசிய பொய்முடி. கையில் மரத் துப்பாக்கி. குழாய் வாயில் பூங்கொத்து செருகியிருக்கும். பிரெஞ்சுக்காரர்கள் வந்தபோது கலைக்கப்பட்ட பழைய நகரப் படையின் வேஷம் இது. அந்தப் படை வீரத்துக்குப் பேர் போனதல்ல. காவல் கோபுரத்தில் உட்கார்ந்து காலுறை பின்னிக்கொண்டிருந்தவர்கள் என்று ஊரே சிரிக்கும். அணிவகுப்பின் நடுவே தளபதி கட்டளை கொடுப்பார். உடனே இரண்டிரண்டு பேராகத் திரும்பி, முதுகோடு முதுகு ஒட்டி, முழங்காலை மடக்கி, பிருஷ்டத்தோடு பிருஷ்டம் உரசி ஆடத் தொடங்குவார்கள். அறுபது வயது வக்கீலும், தொப்பை விழுந்த வங்கி அதிகாரியும் முகத்தில் சிரிப்பே இல்லாமல் இதைச் செய்வதைப் பார்க்கவேண்டும். பிரஷ்ய ராணுவக் கவாத்தை இதைவிட நாகரிகமாக அவமானப்படுத்த முடியாது.

ஆனால் ஒன்று: பிரஷ்ய அதிகாரிகள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, அவர்கள் அனுமதியோடுதான் இது நடந்தது. 'நாங்கள் கேலி செய்வது எங்கள் பழைய படையைத்தானே' என்று சொல்லித் தப்பித்துக்கொள்ள வழி இருந்தது. அந்த வழியை அடைத்துவிட்டு நேரடியாக அரசியல் பேச வேண்டும் என்று நினைத்தவரும் இருந்தார். ஃபிரான்ஸ் ராவோ என்பவர் 1844இல் பிரிந்து போய் வேறொரு கார்னிவல் சங்கம் தொடங்கினார். எல்லா வர்க்கத்துக்கும் கதவு திறந்த, ஜனநாயகம் பேசிய சங்கம். 1848 புரட்சியில் அவர் பிராங்க்பர்ட் நாடாளுமன்ற உறுப்பினரானார். புரட்சி தோற்றதும் நாட்டைவிட்டு ஓடி, 1851இல் பிரஸ்ஸல்ஸில் இறந்தார். அனுமதி வாங்கியவர்களின் சங்கம் இன்றும் இருக்கிறது.

இளவரசன், குடியானவன், கன்னி

விழாவின் மூலவர்கள் மூன்று பேர். 'ட்ரைகெஷ்டிர்ன்' என்பார்கள். இளவரசன், தலைப்பாகம் முழுக்க மயிலிறகு செருகிய குடியானவன், பிறகு கன்னி. நகரக் கோட்டைச் சுவர் வடிவில் கிரீடம் அணிந்த இந்தக் கன்னி, யாராலும் வெல்லப்படாத கொலோனின் உருவம். அந்த வேஷத்தைக் கட்டுவது ஓர் ஆண். நம் பழைய நாடகக் கம்பெனிகளில் ஸ்திரீபார்ட் போட்டவர்களைப் போல், மழமழவென்று சவரம் செய்துகொண்டு, இரட்டைச் சடை பின்னிக்கொண்டு வருவார்.

மூவரும் புத்தாண்டிலிருந்து திருநீற்றுப் புதன் வரை வேலைக்குப் போக முடியாது. நூற்றுக்கணக்கான அரங்க நிகழ்ச்சிகள், மருத்துவமனைகள், முதியோர் இல்லங்கள், பள்ளிகள். இதற்காகும் செலவில் பெரும்பகுதி அவர்களுடையது அல்லது அவர்கள் சங்கத்துடையது. ஏழை வீட்டுப் பிள்ளை இளவரசனாக முடியுமா என்று கேட்டால், கொலோன்காரர்கள் பேச்சை மாற்றிவிடுவார்கள்.

ஊர்வல வண்டியிலிருந்து வீசப்படும் மிட்டாயும் அப்படித்தான். மொத்தம் சுமார் 300 டன் இனிப்பு தெருவில் பறக்கும். 'கமெல்லெ!' என்று கத்திக்கொண்டு, குடையைத் தலைகீழாகப் பிடித்து அள்ளுவார்கள். வண்டியில் நிற்பவர்கள் அதைத் தங்கள் கைக்காசில் வாங்கி வந்திருப்பார்கள். கடைசி வண்டி இளவரசனுடையது. அது திரும்பி மறைவதற்குள், ஆரஞ்சு உடை அணிந்த துப்புரவுப் பணியாளர்கள் பெருக்கும் இயந்திரங்களோடு பின்னாலேயே வந்துவிடுவார்கள். எனக்கு ஊர்வலத்தில் ரொம்பப் பிடித்த பகுதி இதுதான். கூட்டம் அவர்களுக்கும் கைதட்டும்.

■ பெட்டிச் செய்தி: போதும் என்றால் மூடி

ஊரின் பீர் 'கோல்ஷ்'. 200 மில்லி மட்டுமே பிடிக்கும் ஒல்லியான கண்ணாடிக் குவளை. பரிமாறுபவர் பெயர் 'கோபெஸ்'. நீல மேலங்கி, நீளமான ஏப்ரன், வாயில் நக்கல். குவளை காலியானால் நீங்கள் கேட்காமலே அடுத்தது வந்துவிடும். குவளைக்கு அடியில் வைக்கும் அட்டையில் பென்சிலால் ஒரு கோடு விழும். நிறுத்தவேண்டுமானால் அந்த அட்டையை எடுத்துக் குவளையின் மேல் வைத்து மூடவேண்டும். கோல்ஷ் என்ற பெயரை யார் பயன்படுத்தலாம் என்பதற்கு 1986இல் மதுவடிப்பாளர்களுக்குள் ஓர் ஒப்பந்தம் கையெழுத்தானது.

சிரிப்பு செத்த வருஷங்கள்

நாஜிகள் ஆட்சிக்கு வந்ததும் கார்னிவலைத் தங்கள் அமைப்புக்குள் இழுத்துக்கொள்ளப் பார்த்தார்கள். 1935இல் சங்கத் தலைவர்கள் எதிர்த்து நின்று, விழாவை நடத்தும் உரிமையைத் தங்கள் கையிலேயே வைத்துக்கொண்டார்கள். போருக்குப் பிறகு பல பத்தாண்டுகள் இதையே 'கோமாளிகளின் கலகம்' என்று சொல்லிச் சொல்லிப் பெருமைப்பட்டது ஊர்.

அந்தக் கலகத்துக்கு ஒரு வருஷம் முன்னால் நடந்ததை அவ்வளவு உரக்கச் சொல்லவில்லை. 1934 ஊர்வலத்தில் ஒரு வண்டி போனது. பொய்த் தாடியும் கறுப்புக் கோட்டும் மாட்டிக்கொண்டு யூதர்களைப்போல் வேஷம் போட்டவர்கள், 'கடைசி ஆட்கள் கிளம்புகிறார்கள்' என்ற பலகையோடு நின்றார்கள். பாலஸ்தீனத்துக்கு ஓடும் யூதர்களைப் பார்த்துச் சிரிக்கச் சொன்ன வண்டி. தெருவோரம் நின்ற கூட்டம் சிரித்தது; படச்சுருள் இருக்கிறது. எதிர்த்த தலைவர்கள் காப்பாற்றியது தங்கள் சங்கத்தின் சாவியை. நாஜிகளின் கொள்கையோடு அவர்களுக்குப் பெரிய சண்டை எதுவும் இல்லை. கலகத்தை முன்னின்று நடத்திய தாமஸ் லீசெம் நாஜிக் கட்சி உறுப்பினர்.

1938, 1939 வருஷங்களில் கன்னி வேஷத்தைப் பெண்களுக்குக் கொடுக்கவேண்டும் என்று ஆட்சியாளர்கள் சொன்னார்கள். ஆண் பெண் வேஷம் கட்டுவது அவர்கள் கண்ணை உறுத்தியது. அதையும் கேட்டுக்கொண்டார்கள்.

கேட்டுக்கொள்ளாதவர் ஒருவர் உண்டு. கார்ல் க்யூப்பர். பீப்பாய்க்குள் நின்றுகொண்டு பேசும் நகைச்சுவைப் பேச்சாளர். மண்டை நசுங்கியவன் என்று பொருள்படும் பட்டப்பெயர். மேடை ஏறி, ஹிட்லர் வணக்கத்துக்குக் கை தூக்குவதுபோல் வலது கையை நீட்டுவார். அரங்கம் எழுந்து நிற்கப் போகும் அந்த நொடியில், 'எங்கள் வீட்டுப் பாதாள அறையில் குப்பை இவ்வளவு உயரம்' என்கிற மாதிரி ஏதாவது சொல்லிவிட்டுக் கையை இறக்கிவிடுவார். 1939இல் அவருக்குப் பேச்சுத் தடை விதித்தார்கள்.

கதை அங்கே முடிந்திருந்தால் நல்ல சினிமா. போர் முடிந்து நாஜிகள் போன பிறகும் க்யூப்பர் கையை நீட்டினார். 'மறுபடியும் மழை தூற ஆரம்பித்துவிட்டதோ?' என்று கேட்டார். பழைய ஆட்கள் பழைய நாற்காலிகளுக்குத் திரும்பிக்கொண்டிருந்ததைத்தான் சொன்னார். இந்த முறை தடை போட எந்தப் போலீசும் வரவில்லை. கார்னிவல்காரர்களே அவரை ஓரங்கட்டினார்கள், மேடைகள் குறைந்தன. 1950களில் விழாக் குழுவின் தலைவராக வந்து உட்கார்ந்தவர் லீசெம். க்யூப்பர் 1970இல் இறந்தார். இப்போது பழைய நகரில் ஒரு சதுக்கத்துக்கு அவர் பெயர் வைத்திருக்கிறார்கள். என்னைக் கேட்டால், இருநூறு வருஷக் கார்னிவலில் கேலியின் முழு விலையையும் கட்டியவர் அவர் ஒருவர்தான்.

இடிபாட்டின் நடுவே

1942 மே 30ஆம் தேதி இரவு, பிரிட்டிஷ் விமானப் படை ஆயிரம் விமானங்களை ஒரே இரவில் ஒரே ஊர்மேல் அனுப்பியது. அந்த ஊர் கொலோன். போர் முடிவதற்குள் மொத்தம் 262 வான் தாக்குதல்கள். நகர மையத்தில் பத்தில் ஒன்பது பங்கு தரைமட்டம். பேராலயம் மட்டும் குண்டுகள் பட்டும் விழாமல் நின்றது. ஏழரை லட்சத்துக்கு மேல் இருந்த மக்கள்தொகை சுமார் 40,000 ஆகிவிட்டது.

1949இல் இடிபாட்டுக் குவியல்களுக்கு நடுவே போருக்குப் பிந்தைய முதல் ஊர்வலம் போனது. 'திரும்ப வந்துவிட்டோம், எங்களால் ஆனதைச் செய்கிறோம்' என்பது அந்த வருஷத்து வாசகம். அப்போது மேற்கு ஜெர்மனிக்குத் தேசிய கீதம்கூட இல்லை. அமெரிக்க, பிரிட்டிஷ், பிரெஞ்சுப் படைகள் ஆண்ட மூன்று மண்டலங்களையும் சேர்த்து 'ட்ரைசோனீசியா' என்று நையாண்டியாகப் பெயர் வைத்து கார்ல் பெர்புவெர் 1948இல் எழுதிய கார்னிவல் பாட்டு, சில விளையாட்டு நிகழ்ச்சிகளில் தேசிய கீதத்துக்குப் பதிலாக ஒலித்தது. அந்தப் பாட்டில் துள்ளல் நிறைய உண்டு. சமீபத்தில் செய்ததைப் பற்றிய உறுத்தல் கொஞ்சமும் இல்லை.

1991இல் வளைகுடாப் போர். 'குண்டு விழும்போது மிட்டாய் வீசுவதா?' என்று அதிகாரபூர்வ ஊர்வலத்தை ரத்து செய்தார்கள். ஆனால் ஜனங்களில் ஒரு பகுதியினர் வீட்டில் உட்காரவில்லை. போருக்கு எதிராகத் தாங்களே திரண்டு நடந்தார்கள். அதிலிருந்து வளர்ந்ததுதான் இரவில் போகும் 'பேய் ஊர்வலம்'. விளம்பரதாரர் இல்லை, இளவரசன் இல்லை. யார் வேண்டுமானாலும் பேய் வேஷம் போட்டுக்கொண்டு சேர்ந்து நடக்கலாம். 1823க்கு முந்தைய தெருக் கூத்து, அனுமதிக் காகிதத்தைக் கிழித்துப்போட்டுவிட்டுத் திரும்பி வந்ததுபோல் இருந்தது.

2015இல் சோதனை இன்னும் நெருங்கி வந்தது. பாரீஸில் 'சார்லி எப்தோ' பத்திரிகை அலுவலகத்தில் படுகொலை நடந்து சில வாரம்தான் ஆகியிருந்தது. துப்பாக்கிக் குழாய்க்குள் ஒரு கோமாளி பென்சிலைச் செருகுவதுபோல் வண்டி செய்வதாக விழாக் குழு அறிவித்தது. ஜனவரி முடிவதற்குள் பின்வாங்கிவிட்டது. வருகிறவர்கள் பயப்படாமல் மகிழ்ச்சியாக இருக்கவேண்டும் என்றார்கள். பக்கத்து ஊர், பரம எதிரி, டுசல்டார்ஃப் சும்மா இருக்குமா? அங்கே அந்தக் கருவில் வண்டி போனது. கொலோனில் 'அலாஃப்!' என்று கத்துவார்கள், டுசல்டார்ஃபில் 'ஹெலாவ்!' இரண்டு ஊருக்கும் பகை பீரிலிருந்து கால்பந்து வரை. ஆனால் அரசியல் கேலியில் டுசல்டார்ஃபுக்குத்தான் முதுகெலும்பு நேராக இருக்கிறது என்பதைக் கொலோனிலேயே பலர் முணுமுணுப்பதுண்டு.

யாருடைய தெரு?

இன்றைய கொலோனுக்குப் பெரிய தலைவலி பெர்லினும் அல்ல, மாஸ்கோவும் அல்ல. சுல்பிஷர் தெரு. பல்கலைக்கழகத்தை ஒட்டிய மாணவர் பகுதி. (தமிழறிஞர்களுக்கு இந்தப் பல்கலைக்கழகத்தை அதன் தமிழ் நூலகத்தால் தெரியும்.) நவம்பர் 11ஆம் தேதியும் பெண்கள் தினத்து வியாழனன்றும் பல்லாயிரம் இளைஞர்கள் இந்த ஒற்றைத் தெருவை நோக்கி வருகிறார்கள், பெரும்பாலோர் வெளியூர். தெரு நிரம்பியதும் போலீஸ் அடைத்துவிடும். மிஞ்சியவர்களைப் பக்கத்துப் பல்கலைக்கழகப் புல்வெளிக்குத் திருப்பிவிடுவார்கள். புல் சாகாமல் இருக்கத் தரையில் பலகை விரிப்பதற்கே தனிச் செலவு. கண்ணாடிப் பாட்டிலுக்குத் தடை. வீட்டு வாசலெல்லாம் சிறுநீர். பல குடும்பங்கள் அன்றைக்கு ஊரைக் காலி செய்துவிட்டு எங்காவது போய்விடுகின்றன.

நவம்பர் 11 புனித மார்ட்டின் திருநாளும்கூட. மாலையில் குழந்தைகள் காகித விளக்கு ஏந்திப் பாட்டுப் பாடிக்கொண்டு போகும் நாள். ஒரு பக்கம் விளக்கு ஊர்வலம், மறு பக்கம் நடைபாதையில் வாந்தி. விழாக் குழுவைக் கேட்டால், 'அது எங்கள் நிகழ்ச்சி அல்ல' என்கிறது. நகராட்சியைக் கேட்டால், தானாக வந்த கூட்டம் என்கிறது. உணவகக்காரர்கள் கல்லாவைப் பார்த்துக்கொள்கிறார்கள். அந்தக் கல்லா சிறியதல்ல. ஓர் ஆலோசனை நிறுவனம் 2019இல் போட்ட கணக்குப்படி, ஒரு கார்னிவல் பருவத்தில் ஊருக்குள் புரளும் பணம் சுமார் 60 கோடி யூரோ. ஒழுங்குபடுத்துவதாகச் சொல்லி 1823இல் அனுமதி வாங்கிய வர்க்கத்தின் வாரிசுகள், ஒழுங்கு கெட்ட பகுதிக்கு மட்டும் சொந்தம் கொண்டாட மறுக்கிறார்கள்.

பெண்களின் பாதுகாப்பு இன்னொரு கேள்வி. 2015 டிசம்பர் 31 இரவு, பேராலயத்துக்கும் ரயில் நிலையத்துக்கும் இடையிலுள்ள சதுக்கத்தில் நூற்றுக்கணக்கான பெண்கள் பாலியல் ரீதியாகத் தாக்கப்பட்டார்கள். சந்தேக நபர்களில் பலர் வட ஆப்பிரிக்காவிலிருந்து வந்தவர்கள் என்றதும், அகதிகளைப் பற்றிய நாட்டின் பேச்சே மாறிப்போனது. காவல்துறைத் தலைவர் பதவி பறிபோனது. அந்நியர்களிடமிருந்து ஒரு கை தூரம் தள்ளி நில்லுங்கள் என்று பெண்களுக்கு யோசனை சொன்ன அன்றைய மேயர் ஹென்ரியெட்டெ ரேக்கர் வாங்கிக் கட்டிக்கொண்டார். ஐந்து வாரத்தில் கார்னிவல். டை வெட்டும் நாளில், வெட்டுகிறவர்களைக் காக்கக் கூடுதல் போலீசும், உதவி கேட்டு வரும் பெண்களுக்கென்று தனி மையமும் வைக்கவேண்டி வந்தது. பெண்கள் ஊரை ஆளும் நாள் என்று பேர் பெற்ற நாள் அது.

கதவு யாருக்குத் திறந்தது?

1964 செப்டம்பர் 10 அன்று, கொலோனின் டொய்ட்ஸ் ரயில் நிலையத்தில் போர்ச்சுக்கல் தச்சர் அர்மாண்டோ ரொட்ரிகெஸை வரவேற்று ஒரு மொபெட் பரிசளித்தார்கள். ஜெர்மனிக்கு வேலைக்கு வந்த பத்து லட்சமாவது வெளிநாட்டுத் தொழிலாளி அவர். நகரின் ஃபோர்டு தொழிற்சாலையை நிரப்பியவர்கள் துருக்கியர். ஆனால் சங்கங்களின் கதவு அவர்களுக்கு அவ்வளவு சீக்கிரம் திறக்கவில்லை. உறுப்பினர் ஆக இரண்டு பேர் சிபாரிசு வேண்டும்; சிபாரிசு செய்யத் தெரிந்தவர் வேண்டும். 1984இல் தொடங்கிய 'ஷ்டுங்க்ஸிட்சுங்' என்கிற மாற்று அரங்கம் இந்தப் பழைய சங்கங்களையே கிண்டல் செய்து ஆள் சேர்த்தது. இன்று அதற்கு டிக்கெட் கிடைப்பதுதான் கஷ்டம்.

மெல்ல மாறிக்கொண்டுதான் இருக்கிறது. 1922இல் யூதர்கள் தொடங்கிய கார்னிவல் சங்கம் ஒன்று நாஜிக் காலத்தில் அழிந்தது. அதன் நினைவாக 2017இல் 'கோல்ஷெ கிப்பா கோப்' என்ற புதிய யூதச் சங்கம் எழுந்தது. 2025இல் இளவரசன், குடியானவன், கன்னி மூவரையும் கொடுத்தது, உறுப்பினர்களில் பெரும்பாலோர் ஓரினச்சேர்க்கையாளர்களாக உள்ள ஒரு சங்கம். முகத்தில் கரி பூசி ஆப்பிரிக்கர் வேஷம் போடும் குழுக்களோடு வாக்குவாதம் நடக்கிறது. பெண் ஒருத்தி கன்னி ஆகலாமா என்ற கேள்விக்கு மட்டும், 'மரபு' என்ற ஒரே பதில். நாஜிகள் செய்ததைத் திரும்பச் செய்வதா என்று எதிர்க் கேள்வி வேறு.

■ பெட்டிச் செய்தி: ஆற்றைக் கடந்த ஊர்வலம்

2021: கொரோனா. ஹென்னஷன் பொம்மலாட்ட அரங்கின் பொம்மைகள் குட்டி வண்டிகளில் போக, ஊர் தொலைக்காட்சியில் பார்த்தது. 2022: உக்ரைனுக்கான பேரணி. 2023: இருநூறாம் ஆண்டு. ஊர்வலம் முதன்முறையாக ரைனின் வலக் கரையில் புறப்பட்டுப் பாலம் ஏறி வந்தது. வலக் கரையைத் 'தப்பான கரை' என்று கிண்டல் செய்வது இடக் கரைக்காரர்களின் நெடுநாள் வழக்கம்.

பழி வைக்கோலுக்கு

செவ்வாய் இரவு. மதுக்கடை வாசல்களில் தொங்கவிட்டிருக்கும் ஆளுயர வைக்கோல் பொம்மைக்கு 'நூபெல்' என்று பெயர். அதை இறக்கி, பாதிரியார் வேஷம் போட்ட ஒருவர் குற்றப்பத்திரிகை வாசிப்பார். சம்பளத்தை எல்லாம் குடித்துத் தீர்த்தது யார்? கூட்டம்: 'நூபெல்!' பெண்டாட்டி இருக்க இன்னொருத்தியை முத்தமிட வைத்தது யார்? 'நூபெல்!' உள்ளூர்க் கால்பந்து அணி தோற்றதற்குக் காரணம்? அதுவும் அவன்தான். தீ வைப்பார்கள். பாவம் எரிந்தது, உள்ளே போய் மறுபடி குடிப்பார்கள்.

பழியை வைக்கோல்மேல் போடும் இந்தத் திறமை அந்த ஓர் இரவோடு நின்றுவிட்டால் பரவாயில்லை. கொலோனில் 'க்ளுங்கெல்' என்று ஒன்று உண்டு. நீ எனக்கு, நான் உனக்கு என்று வேண்டியவர்களுக்குள் காரியம் முடித்துக்கொள்வது. கார்னிவல் சங்கங்களின் மேசைதான் அதற்கு வசதியான இடம் என்று ஊரில் வெளிப்படையாகவே பேசுவார்கள். ஒப்பந்தக்காரரும் கவுன்சிலரும் வங்கிக்காரரும் ஒரே நிறத் தொப்பியில் அடுத்தடுத்து உட்கார்ந்திருப்பார்கள்.

2009 பிப்ரவரி 23, திங்கள். ஊர்வலம் வழக்கம்போல ஸெவெரின் தெருவில் நகர ஆவணக் காப்பகத்தைக் கடந்து போனது. தெருவுக்கு அடியில் சுரங்க ரயில் பாதை வேலை. எட்டாவது நாள், மார்ச் 3 பிற்பகல், காப்பகக் கட்டடம் அப்படியே உள்வாங்கிச் சரிந்தது. பக்கத்து வீடுகளும் விழுந்து இரண்டு இளைஞர்கள் இறந்தார்கள். ஆயிரம் வருஷத்து ஆவணங்கள், நோபல் பரிசு பெற்ற இந்த ஊர் எழுத்தாளர் ஹைன்ரிஷ் பௌலின் காகிதங்கள் உட்பட, நிலத்தடி நீரிலும் சேற்றிலும் புதைந்தன. எட்டு நாள் முன்னால், தெருவின் இரு மருங்கிலும் கூட்டம் நிறைந்திருந்தபோது அது நடந்திருந்தால் என்ற நினைப்பே கொலோன்காரர்களுக்கு இன்றும் குலை நடுக்கம்.

பொறுப்பு யாருடையது? நிலத்தடிச் சுவர் கட்டும்போது நடந்த கோளாறு என்று நிபுணர்கள் சொன்னார்கள். 2020இல் கட்டுமான நிறுவனங்கள் 60 கோடி யூரோ கொடுக்க ஒப்புக்கொண்டு நகராட்சியோடு சமரசம் செய்துகொண்டன. குற்ற வழக்கு தீர்ப்பு, மேல்முறையீடு, மறுபடி விசாரணை என்று இழுத்து, யாரும் சிறைக்குப் போகாமலே ஓய்ந்தது. சேற்றிலிருந்து மீட்ட தாள்களைத் துடைத்து ஒட்டும் வேலை இன்னும் பல பத்தாண்டு நீளும் என்கிறார்கள். ஊர்வலம் அதே ஸெவெரின் தெரு வழியாகப் போய்க்கொண்டிருக்கிறது. அடியில் போகவேண்டிய ரயில்தான் அந்த இடத்தில் இன்னும் ஓடவில்லை.